உரிமைப் பேச்சு எழுதப் போறீங்களா? கண்ணீரைக் கடைசிக்கு வையுங்கள்

தோள்சீலைப் போராட்டம், அதாவது மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய போராட்டம் என்று தலைப்பு கொடுத்தால் போதும், நம்ம குமரி மாவட்டப் பேச்சுப் போட்டி மேடைகளில் முக்கால்வாசிப் பேர் முதல் வரியிலேயே குரலைத் தழுதழுக்க வைத்துவிடுகிறார்கள். கேட்பவர் இன்னும் நாற்காலியைச் சரிசெய்து கொண்டிருக்கிறார், அதற்குள் அழச் சொன்னால் எப்படி?

பேசுபவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, வாதம் என்று மூன்றை அரிஸ்டாட்டில் அன்றைக்கே பிரித்து வைத்தார். வாதத்தை முதலில் எழுதுங்கள் என்பதுதான் என் கட்சி. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் பேசியதில் எல்லாருக்கும் நினைவிருப்பது 'எனக்கொரு கனவு உண்டு' என்ற அந்தக் கனவுதான், ஆனால் அது பின்பாதியில் வருகிறது, எழுதிக்கொண்டு போன தாளில் அது இல்லவே இல்லை. முன்பாதி முழுக்க வழக்கு: 1863-இல் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தீர்கள், நூறு வருடம் ஆகியும் விடுதலை இல்லை, நாட்டின் சாசனம் எங்களுக்குத் தந்த செக் பணமில்லை என்று திரும்பி வந்திருக்கிறது. பேங்க் வாசல் மிதித்த யாருக்கும் இது புரியும், கோபமும் தானாக வரும்.

நம்ம ஊர்க் கதையிலும் அப்படியொரு செக் உண்டு. 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது, ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் கூடாதாம். இந்த நிபந்தனையை அப்படியே சொல்லிவிட்டு இரண்டு நொடி சும்மா நில்லுங்கள். 'கொடுமையிலும் கொடுமை' என்று ஒட்டினீர்களோ, கெட்டது. அதிலிருந்து, ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் கோயில்களைத் திறந்துவிட்ட திருவிதாங்கூரின் கோயில் நுழைவு அறிவிப்புக்கு, அதாவது 1936 நவம்பர் 12-க்குப் போனால் எழுபத்தேழு வருட இடைவெளியே உங்களுக்காக வாதாடும்.

அடுத்து, இதைப் பேச நீங்கள் யார்? கிங் 1959-இல் இந்தியா வந்தபோது கன்னியாகுமரி வரைக்கும் வந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் கிங்கை 'அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர்' என்று அறிமுகம் செய்ததையும், முதலில் சுருக்கென்று பட்டதையும், யோசித்துப் பார்த்தபோது ஆமாம், நானும் அதுதான் என்று ஒப்புக்கொண்டதையும் 1965-இல் தன் தேவாலயத்தில் கிங்கே சொன்னார். தனக்கு உறைத்ததைச் சொல்பவரை ஜனம் நம்பும். நீங்கள் பாதிக்கப்பட்ட தரப்பென்றால் அதை ஒரே தடவை சொல்லுங்கள். தடுத்த தரப்பின் பேரப்பிள்ளை என்றால் கட்டாயம் சொல்லுங்கள், சபை நிமிர்ந்து உட்காரும்.

உணர்ச்சிக்கு ஒரு ஆள், ஒரு சம்பவம் போதும். கல்குளம், விளவங்கோடு பக்கம் பல வீடுகளில் பாட்டி வழி வந்த கதை இருக்கும், கேட்டு எழுதுங்கள், கேள்விப்பட்டது என்றால் கேள்விப்பட்டது என்றே சொல்லுங்கள். இல்லாத பாட்டியைப் படைக்க வேண்டாம், நடுவர்களுக்கு வாசனை தெரிந்துவிடும்.

ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வதையும் இதற்குப் பிறகுதான் வைக்கணும். கிங் பாப்டிஸ்ட் போதகர், அது அவருக்குப் பிரசங்க மேடைப் பழக்கம். நம்ம ஊரிலும் ஞாயிற்றுக்கிழமை எந்தச் சபையில் போய் உட்கார்ந்தாலும் அந்த ஏற்ற இறக்கத்தைக் கேட்கலாம்.

எழுதி முடித்ததும் போனில் பதிவு செய்து கேளுங்கள். யாரிடம் என்ன கேட்கிறீர்கள் என்பது ஒரு வரியாகக் காதில் விழவில்லையென்றால் அலங்காரத்தை வெட்டி அந்த இடத்தில் கோரிக்கையை எழுதுங்கள். ஐந்து நிமிடப் பேச்சு என்றால் முதல் மூன்று நிமிடம் தேதியும் வாதமும், மீதியில் மற்றதெல்லாம்.