ஒற்றையுடல் படகுகளின் குட்டையில் ஒரு மூவுடல் படகு

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில், கைவிடப்பட்ட ஈயக்குட்டை (பழைய வெள்ளீயச் சுரங்கக் குழியில் நீர் தேங்கிய குட்டை) ஒன்றின் கரையில் ஞாயிறு காலை பத்துப் பேர் ரிமோட்டில் ஓடும் சிறு பாய்மரப் படகு விட்டால், பத்தும் ஒரே உடற்பகுதி கொண்ட ஒற்றையுடல் படகுகளாகவே இருக்கக்கூடும். அந்தக் கூட்டத்துக்கு, இரண்டு அல்லது மூன்று உடற்பகுதிகளை இடைவெளிவிட்டு இணைத்த இரட்டையுடல் அல்லது மூவுடல் படகைக் கொண்டுசெல்ல விரும்புகிறவர், அங்குள்ளவர்களின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஒற்றையுடலில் ஐ.ஓ.எம். (இன்டர்நேஷனல் ஒன் மீட்டர்) என்ற பந்தய வகைப் படகு ஒரு மீட்டர் நீளமும் குறைந்தது 4 கிலோ எடையும் உடையது. அந்த எடையில் பாதிக்கு மேல் அடியில் தொங்கும் காரீயக் குண்டிலேயே இருப்பதால், காற்று அதைச் சாய்த்துப் பாயை நீரில் படுக்க வைத்தாலும் அது தானாக எழுந்துவிடும். மூவுடல் படகுக்குக் குண்டு கிடையாது. அகலமே அதன் பலம். கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான். நீருக்குள் போன ஆண்டெனாவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை எட்டாது என்பதால் ரிமோட்டும் பயன்படாது. என் முதல் படகு குட்டையின் நடுவில் குப்புற விழுந்து, அன்றைய பந்தயம் முழுவதும் நின்றுபோனது. அதற்குப் பிறகு என்னை யாரும் திட்டவில்லை, ஆனால் அடுத்த வாரம் என் படகுக்கு ஒருவரும் இடம் ஒதுக்கவில்லை.

ஆகவே வாதம் செய்வதை விட்டுவிட்டு, படகைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து தொடங்குங்கள். சிறியது மலிவு, எடுத்துச்செல்வதும் எளிது என்று 65 சென்டிமீட்டர் மூவுடல் படகை வாங்கிவிடாதீர்கள். எல்லா அளவையும் பாதியாகக் குறைத்தால் பாயின் சாய்க்கும் திருப்புவிசை (விசையை அது செயல்படும் தூரத்தால் பெருக்கியது) எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. படகை நிமிர்த்தும் திருப்புவிசையோ பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. சின்னப் படகு வேகமாகக் கவிழ்வதற்கு ஓட்டுபவரின் கைக்குறை காரணமல்ல, இந்தக் கணக்குதான் காரணம். நீளமும் அகலமும் 1.22 மீட்டருக்குள், பாய்ப்பரப்பு சுமார் 0.90 சதுர மீட்டருக்குள் என்று ஃபார்முலா 48 என்ற பல்லுடல் மாதிரிப் படகு வகை வைத்திருக்கும் வரம்புக்குள் கட்டிய படகே தொடக்கத்துக்கு ஏற்றது. முழுப் பாயுடன் ஒரு சிறு பாய்த்தொகுதியையும் எப்போதும் காரில் வைத்திருங்கள். மதியம் இடிமழை திரளுமுன் வீசும் காற்றுக்கு அதுவே தேவைப்படும்.

பாய்மர உச்சியில் கோழிமுட்டை அளவு நுரைமிதவை ஒன்றைக் கட்டினால், சாய்ந்த படகு முற்றிலும் குப்புறப் போகாமல் பக்கவாட்டில் மிதக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதைவிட முக்கியமானது மீட்புக் கயிறு. ஒரு தூண்டில்கழியின் நரம்பில் டென்னிஸ் பந்தைக் கட்டி, கவிழ்ந்த படகைத் தாண்டி வீசி, நரம்பு படகின் மேல் விழுந்து சிக்கியதும் மெல்ல இழுக்கலாம். வீட்டு முற்றத்தில் வாளி ஒன்றைக் குறிவைத்துப் பழகிவிட்டுக் குட்டைக்குப் போங்கள். ஈயக்குட்டைகளின் கரை செங்குத்தாகச் சரிந்து உடனே ஆழமாவதால், எந்தக் காரணத்துக்காகவும் நீரில் இறங்கவே கூடாது. மீட்புக்கு வேறொருவரை அனுப்பாமல் நீங்களே முடித்துக்கொள்கிறீர்கள் என்று கரையிலிருப்பவர்கள் ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால், எதிர்ப்பில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

மீதிப் பாதி வேகத்தையும் மோதலையும் பற்றியது. இது மனிதர் ஏறும் படகுகளிலும் பழைய கதைதான்: 1876-இல் நியூயார்க்கில் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நதானியல் ஹெரெஷாஃபின் 'அமரில்லிஸ்' என்ற இரட்டையுடல் படகு மற்றவற்றை வென்றதும், அந்த வகையையே பந்தயங்களிலிருந்து விலக்கினார்கள். நம் குட்டையில் அது நிகழாமலிருக்க, ஒரே சுற்றில் கலந்து ஓட்டாதீர்கள். மூவுடல் படகு முதலில் கிளம்பினாலும் பின்னால் கிளம்பினாலும் பந்தயப் பாதையைக் குறிக்கும் ஏதோ ஒரு மிதவையைச் சுற்றித் திரும்பும்போது கூட்டத்துக்குள் நுழையும், அதன் 1.2 மீட்டர் அகலத்துக்கு அங்கே இடமிருக்காது. ஒற்றையுடல் படகுகள் ஒரு சுற்று ஓடி முடித்து, பேட்டரி மாற்றும் இடைவேளையில் உங்கள் சுற்றை நடத்தக் கேளுங்கள். மதிப்பெண் பட்டியலும் தனியாகவே இருக்கட்டும். இதற்கு உங்களைப் போல் இன்னொருவர் வேண்டும் என்பதால், இரண்டாவது படகை நண்பர் ஒருவருடன் சேர்ந்து கட்டுவது நல்லது.

ஓட்டும் முறையில் காற்றெதிர்த் திருப்பமே (முன்மூக்கைக் காற்றின் ஊடாகத் திருப்பி மறுபக்கம் கொண்டுவருவது) பலரைக் கைவிடும் இடம். எடை குறைவான படகு சுக்கானை வெடுக்கென்று திருப்பினால் உந்தத்தை இழந்து காற்றுக்கு நேராக நின்றுவிடும். முதலில் வேகம் சேர்த்து, அகலமான வளைவாகத் திருப்பி, மறுபக்கம் வந்ததும் பாய்க்கயிற்றைச் சற்றுத் தளர்த்துங்கள்.

நம்மவர்களுக்கு இது அந்நியமான வடிவம் அன்று. கேட்டமரன் என்ற ஆங்கிலப் பெயரே நம் கட்டுமரத்திலிருந்து போனது. தெற்கே ஜொகூரிலும் இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளிலும் மலாய்க்காரர்கள் துணைமிதவை கட்டிய ஜோங் படகுகளை ரிமோட் எதுவுமின்றிக் காற்றை மட்டும் நம்பிப் பந்தயம் விடுகிறார்கள். இதைக் குட்டைக்கரையில் சொல்லும்போது பெருமையடிப்பதாக ஒலிக்காமல், யாராவது கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

காற்று மிதமாகவும் சீராகவும் வீசும் ஒரு காலையில், உங்கள் படகை அதிகம் மறுத்த மூத்தவரிடமே போய், "ஐயா, ஒரு சுற்று நீங்கள் ஓட்டிப் பாருங்கள்" என்று ரிமோட்டைக் கொடுங்கள். கொடுக்குமுன் சிறு பாயை மாட்டி, பேட்டரியைப் பின்னுக்குத் தள்ளி வைத்துவிடுங்கள். அப்படிச் செய்தால், பலத்த காற்று வந்தாலும் முன்மூக்கு எளிதில் நீரில் புதையாது. காற்றைப் பக்கவாட்டில் வாங்கும் திசையில் முதல் ஓட்டத்தை விடச் சொல்லுங்கள், ஏனெனில் இந்தப் படகின் வேகம் முழுவதும் அங்கேதான் தெரியும். தூண்டில்கழியை உங்கள் கையில் பிடித்துக்கொண்டு அவருக்கு அருகில் நில்லுங்கள்.