சோதனை முடிந்தும் ஓடும் கண்டெய்னர்களை நீக்க

சிஐ ரன்னரில் (சோதனைகளைத் தானாக ஓட்டும் இயந்திரம்) டிஸ்க் நிரம்பிவிட்டதா? ஓடும் கண்டெய்னர்களைப் பட்டியலிடும் 'டாக்கர் பிஎஸ்' அடித்துப் பாருங்கள். மூன்று நாள் முந்தைய போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கண்டெய்னர் இன்னும் 'அப்' என்று நின்றால், டெஸ்ட்கண்டெய்னர்ஸின் (சோதனைக்கு வேண்டிய கண்டெய்னர்களை எழுப்பித் தரும் நூலகம்) ரியூக் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

ரியூக் சோதனையோடு சேர்ந்தே எழும் சின்ன துப்புரவு கண்டெய்னர். சோதனை நிரலோடு ஒரு டிசிபி இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது அறுந்து 10 விநாடிக்குள் மீளாவிட்டால், அந்த ஓட்டத்தின் லேபிள் உள்ள கண்டெய்னர், நெட்வொர்க், வால்யூம் அனைத்தையும் நீக்கிவிடும். சோதனையைப் பாதியில் கொன்றால் நீங்கள் எழுதிய 'ஸ்டாப்' ஓடாது, ரியூக் ஓடும். அது தனி கண்டெய்னராக இருப்பதே இதற்காகத்தான்.

டாக்கர் சாக்கெட் (டாக்கரோடு நிரல்கள் பேசும் வாசல்) அனுமதிப் பிழை வந்ததும் பலர் ரியூக்கையே அணைத்துவிடுகிறார்கள். குப்பை சேர்வது அங்கேதான் தொடங்குகிறது. அனுமதியைச் சரிசெய்யுங்கள், ரியூக்கை விட்டுவையுங்கள். அடுத்த ஓட்டத்திலும் பயன்படுத்த 'ரீயூஸ்' போட்ட கண்டெய்னரையும் ரியூக் தொடாது; அந்த வசதி உங்கள் லேப்டாப்போடு நிற்கட்டும்.

ரியூக்கை அணைத்தே ஆகவேண்டிய ரன்னர் என்றால், சோதனை தோற்றாலும் ஓடும்படி ஒரு துப்புரவுப் படி வையுங்கள். 'கண்டெய்னர் ப்ரூன்' இதற்கு உதவாது, நின்றுபோனவற்றை மட்டுமே அது எடுக்கும். டெஸ்ட்கண்டெய்னர்ஸ் லேபிளால் வடிகட்டி ஐடிகளை எடுத்து, 'டாக்கர் ஆர்எம்' கட்டளைக்கு 'எஃப்' (ஓடினாலும் நீக்கு), 'வி' (வால்யூமையும் நீக்கு) இரண்டும் சேர்த்துக் கொடுங்கள். 'வி' விட்டுப்போனால் பெயரற்ற வால்யூம்கள் தங்கிவிடும், டிஸ்கில் இடம் விடுபடாது.

ஒரே ரன்னரில் பல வேலைகள் ஓடினால் கவனம்: பொது லேபிளால் வடிகட்டினால் பக்கத்து வேலையின் உயிருள்ள டேட்டாபேஸும் போய்விடும். அங்கே அந்த ஓட்டத்துக்கே உரிய செஷன் ஐடி லேபிளையே பயன்படுத்துங்கள்.