கேலரி ஊமையாகிப் போவது எப்படி?

2020 மே 16. கொரோனாவால் இரண்டு மாதம் நின்றுபோயிருந்த ஜெர்மனியின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான புண்டஸ்லிகா மறுபடி தொடங்கிய நாள். டார்ட்மண்ட் தன் பரம எதிரியான ஷால்கவை 4-0 என்று புரட்டி எடுத்தது. வேறொரு வருடமாக இருந்திருந்தால் அன்றிரவு ஊர் தூங்கியிருக்காது. ஆனால் ஸ்டேடியத்தில் ஒரு ரசிகர்கூட இல்லை. ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் பழக்கதோஷத்தில், தீவிர ரசிகர்கள் வழக்கமாக நிற்கும் தெற்கு ஸ்டாண்டை நோக்கி நடந்து போய், காலிப் படிக்கட்டுகளுக்கு முன்னால் வரிசையாக நின்று கொண்டாடினார்கள். கொஞ்சம் வேடிக்கையாகவும் நிறையச் சங்கடமாகவும் இருந்தது.

அடுத்து வந்த மாதங்களில் பல டி.வி. சேனல்கள் பதிவு செய்து வைத்த கூட்டச் சத்தத்தை ஆட்டத்தோடு சேர்த்து ஒளிபரப்பின. கோல் விழுந்தால் ஆரவாரம், குறி தவறினால் 'ஓ...'. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒட்டவில்லை. ஏனென்று பிறகுதான் புரிந்தது. நிஜக் கூட்டம், எதுவும் நடப்பதற்கு முன்பே சத்தம் போட்டுவிடும். ஓரமாக ஓடி ஆடும் விங்கருக்கு முன்னால் இடம் திறந்ததுமே இருக்கைகள் மடங்கும் சத்தம் படபடவென்று கேட்கும்; பந்து பெனால்டி பாக்ஸுக்குள் வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள். பட்டனைத் தட்டும் ஆபரேட்டருக்கு அது வராது. அவர் பார்த்த பிறகுதான் தட்டுவார்.

நல்ல கூட்டத்தை நல்ல கூட்டமாக்குவது இந்தப் பதற்றம்தான். அதை மழுங்கடிக்கிற எதுவும் தவறு என்பது என் கட்சி. அப்படிப்பட்ட தவறுகளில் பெரும்பாலானவை நல்ல எண்ணத்தோடு செய்யப்படுபவை.

ஸ்பீக்கரை நம்புவது

முதல் குற்றவாளி ஒலிபெருக்கி. ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும். ஆட்கள் வந்து உட்கார்ந்து, தெரிந்த முகங்களைத் தேடி, மெல்லத் தொண்டையைச் செருமத் தொடங்குகிற நேரம் அது. அந்த நேரத்தில் பாட்டைப் போட்டு அலறவிட்டால் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசவே கத்த வேண்டியிருக்கும். அப்புறம் எங்கே பாடுவது? நிர்வாகத்துக்கு அமைதியைக் கண்டால் பயம். அதை உடனே நிரப்பப் பார்க்கிறது. அந்த இடைவெளியில்தான் கூட்டம் தன் குரலைத் தேடிக்கொள்ளும் என்பதை மறந்துவிடுகிறது.

கோல் விழுந்ததும் போடுகிற மெட்டு இதைவிட மோசம். முதல் சில நொடிகள் வெறும் கூச்சல். பிறகு அந்தக் கூச்சல் எங்கோ ஒரு மூலையில் பாட்டாகத் திரளும், அங்கிருந்து பரவும். சரியாக அந்தக் கணத்தில் ஸ்பீக்கர் வந்து விழுந்தால் பாட்டு கருவிலேயே போய்விடும். எல்லோரும் கைதட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

2010 உலகக் கோப்பையில் ஒலித்த வுவுசெலா என்ற பிளாஸ்டிக் ஊதுகுழலை நினைத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் அது அவர்களுடைய சொந்தச் சத்தம், அதில் தவறில்லை. ஆனால் மற்றவர்கள் அதை இரவல் வாங்கியபோது சிக்கல் வந்தது. ஒரே சுருதியில் 90 நிமிடமும் ரீங்கரிக்கிற குழலுக்கு கார்னரும் ஒன்றுதான், கோல் கிக்கும் ஒன்றுதான். ஏற்ற இறக்கம் மொத்தமும் அதற்குள் மூழ்கிவிடும். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா அதே வருடம் தன் போட்டிகளில் அதைத் தடை செய்தது. இருக்கையில் வைத்துக் கொடுக்கும் அட்டைத் தட்டிகளும் இந்த ரகம்தான் என்று சொல்ல வந்தேன். ஆனால் 2015-16இல் லெஸ்டர் சிட்டி ரசிகர்கள் அவற்றைத் தட்டிக்கொண்டே இங்கிலாந்து பிரீமியர் லீக்கை வென்றுவிட்டார்கள். அதனால் வாயை மூடிக்கொள்கிறேன்.

பெரிதாகக் கட்டினால் போதும் என்று நினைப்பது

இத்தாலியின் யுவென்டஸ் கிளப் 1990 முதல் ஆடிய டெல்லே ஆல்பி ஸ்டேடியத்தில் 67,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஆனால் ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப் பந்தயங்களுக்கான ஓடுதளம் இருந்தது. பின்வரிசைக்காரருக்கு எதிர்ப் பக்கத்து கோல் போஸ்ட் தீப்பெட்டி மாதிரித் தெரியும். அது நிரம்புவதே அபூர்வம். 2011இல் அதே இடத்தில் 41,000 பேர் அமரக்கூடிய புது ஸ்டேடியத்தைத் திறந்தார்கள். முதல் வரிசை ஆடுகளத்தை ஒட்டி வந்தது, சத்தமும் கூடவே வந்தது. 2016இல் ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குக் குடிபோன லண்டன் கிளப்பான வெஸ்ட் ஹாம், இதற்கு நேர் எதிரான பாடத்தைப் படித்தது. நெருக்கமான பழைய மைதானத்தை விட்டுவிட்டு, ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த ரசிகர்கள் தூரத்தைப் பற்றி இன்னமும் புலம்புகிறார்கள்.

கணக்கு எளிமையானது. சத்தம் தூரத்தில் தேயும், தாழ்ந்த கூரையில் மோதித் திரும்பும், திறந்த மூலைகள் வழியாகக் கசியும். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் செங்குத்தாக எழும்பும் ஒரே அடுக்கு ஸ்டாண்ட் இருந்தால் அங்கே தொடங்கும் பாட்டு உடையாமல் மேலேறும். டார்ட்மண்டின் தெற்கு ஸ்டாண்டில் ஏறத்தாழ 25,000 பேர் நிற்கிறார்கள், எல்லாம் ஒரே அடுக்கு. 2019இல் லண்டனின் டாட்டன்ஹாம் கிளப் புது ஸ்டேடியம் கட்டியபோது அதைப் பார்த்துத்தான் 17,500 பேருக்கு ஒற்றை அடுக்கு ஸ்டாண்ட் வைத்தது.

எல்லோராலும் புதிதாகக் கட்ட முடியாது, சரி. ஆனால் பத்தாயிரம் பேர் மட்டுமே வரப்போகிற ஆட்டத்துக்கு ஐம்பதாயிரம் இருக்கைகளையும் திறந்துவிட்டு, மூலைக்கு இருபது பேராக உட்கார வைப்பதைத் தவிர்க்கலாமே. மேலடுக்கைப் பூட்டிவிட்டு அத்தனை பேரையும் ஒரு பக்கமாகச் சேர்த்தாலே ஆட்டம் வேறு மாதிரி ஆகிவிடும்.

சேர்ந்து பாடுகிறவர்களைப் பிரிப்பது

யாரும் தனியாகப் பாட மாட்டார்கள். தெரிந்தவர் நாலு பேர் பக்கத்தில் இருந்தால்தான் வெட்கம் விடும். டிக்கெட்டை கம்ப்யூட்டர் தன்னிஷ்டத்துக்குப் பிரித்துக் கொடுத்தால் இருபது வருடமாகச் சேர்ந்து கத்திய கூட்டம் இருபது மூலைகளுக்குப் போய்விடும். விலையை ஏற்றினால் இன்னும் மோசம்: முதலில் காணாமல் போவது இளைஞர்கள். புதுப் பாட்டு கட்டுவதும் தொண்டை கிழியக் கத்துவதும் அவர்கள்தான்.

2016 பிப்ரவரி 6 அன்று லிவர்பூல் ரசிகர்கள் இதற்கு ஒரு பதில் சொன்னார்கள். அடுத்த சீசனில் டிக்கெட் விலை அதிகபட்சம் 77 பவுண்டு வரை போகும் என்று கிளப் அறிவித்திருந்தது. சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியே நடந்தார்கள். அப்போது லிவர்பூல் 2-0 முன்னிலை. அவர்கள் போன பிறகு சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டு 2-2 ஆக்கிவிட்டது! தற்செயல்தான் என்று வாதாடலாம். ஆனால் சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

நின்று பார்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்தில் நெரிசலில் 97 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு இங்கிலாந்தின் பெரிய ஸ்டேடியங்களில் எல்லோரும் உட்கார வேண்டும் என்று ஆனது. அன்று நடந்ததற்கு ரசிகர்கள் காரணமல்ல என்று 2016இல் நீதி விசாரணையில் ஜூரி தெளிவாகச் சொன்னது. போலீஸின் கூட்ட மேலாண்மையில்தான் கோளாறு. ஆனால் உட்கார்ந்த உடம்பிலிருந்து குரல் பாதிதான் வரும். வயிறு மடங்கியிருக்க மூச்சு எங்கே போகும்? ஒவ்வொரு வரிசைக்கும் இரும்புக் கம்பி வைத்து, நெரிசல் ஏற்படாமல் நிற்க வழி செய்யும் முறையை கிளாஸ்கோவின் செல்டிக் 2016இலேயே கொண்டுவந்தது. இங்கிலாந்து 2022இல் வழிக்கு வந்தது. பாதுகாப்பைக் குறைக்காமலே நிற்க வைக்கலாம். பாதுகாப்பில் கைவைத்து எந்தச் சூழலும் வேண்டாம்.

கேலரிக்குள் நாமே செய்வது

எல்லாப் பழியையும் நிர்வாகத்தின் மேல் போட முடியாது. ஒரு லீக் ஆட்டத்தில் டிரம் அடிக்கிற ஒருவருக்கு இரண்டு வரிசை தள்ளி நின்றிருந்தேன். ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து, நல்ல தாளத்தில் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் அணிக்கு அடுத்தடுத்து மூன்று கார்னர் கிடைத்தது. எதிரணி கோல்கீப்பர் தடுமாறிக்கொண்டிருந்தார். கூட்டம் மொத்தமும் எழுந்து அவரை நடுங்க வைத்திருக்க வேண்டிய நேரம். டிரம் அதே தாளத்தில், அதே பாட்டில். நாங்களும் அதற்கேற்பக் கை தட்டிக்கொண்டு நின்றோம். மூன்றாவது கார்னரும் வீணானது. அவர் கடைசி வரை திரும்பிப் பார்க்கவே இல்லை.

தெற்கு ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் 90 நிமிடமும் நிற்காமல் பாடுவது மரபு, அதை நான் குறை சொல்லவில்லை. அங்கேயும் கூட்டத்தைப் பாடவைக்கும் கைதேர்ந்த தலைவர் ஒரு கண்ணை ஆட்டத்தின் மேல் வைத்திருப்பார். மெகாஃபோன் பிடிப்பவருக்கு ஆட்டம் எப்படிப் போகிறதென்று சொல்ல ஓர் ஆள் பக்கத்திலேயே வேண்டும்.

அப்புறம், காப்பியடிப்பது. 2016 யூரோ கால்பந்துப் போட்டியில் ஐஸ்லாந்து ரசிகர்களின் கைதட்டல் உலகத்தையே கட்டிப்போட்டது. கைகளை விரித்து, ஒரே ஒரு தட்டு, ஒரு 'ஹூ', பிறகு நீண்ட மௌனம், மறுபடி தட்டு. அந்த மௌனத்தில்தான் முதுகு சிலிர்க்கும். அடுத்த சில மாதங்களில் கண்ட கண்ட ஸ்டேடியத்திலெல்லாம் அதைச் செய்தார்கள். பாதிப் பேருக்கு மௌனத்தைத் தாங்க முடியாமல் மூன்றாவது தட்டிலேயே வேகம் பிடித்துவிட்டது.

சொந்த வீரரையே ஊளையிடுவது பற்றி பெர்லினின் யூனியன் கிளப்பிடம் கேட்க வேண்டும். அங்கே யாரும் தங்கள் வீரரைப் பார்த்து விசிலடிப்பதில்லை, ஆட்டம் முடியுமுன் கிளம்புவதுமில்லை. எழுதாத சட்டம். 2008-09இல் அவர்களுடைய ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க 2,000க்கும் மேற்பட்ட ரசிகர்கள் கூலி வாங்காமல் உழைத்தார்கள். 22,012 பேர் கொள்ளும் அந்த இடத்தில் பெரும்பாலானவை நிற்கும் இடங்கள். 2019 ஆகஸ்டில் முதல்முறையாக புண்டஸ்லிகாவில் ஆடியபோது, அந்த நாளைக் காணாமலே இறந்துபோன 455 ரசிகர்களின் படங்களைக் கேலரியில் தூக்கிப் பிடித்தார்கள். ஆட்டம் 0-4 தோல்வி. ஆனால் கையால் சிமென்ட் குழைத்த இடத்தில் நிற்கிறவனுக்குப் பாடச் சொல்லித்தர ஸ்பீக்கர் தேவைப்படாது.

எதிரணி வீரரின் நிறத்தை, மதத்தை, அவர்கள் ஊரில் நடந்த சாவை வைத்துப் பாடுவது தவறு என்று விளக்கவே வேண்டியதில்லை. கேலரியில் கொளுத்தும் தீப்பந்தம் (ஃபிளேர்) படத்தில் அழகாக இருக்கும். ஆயிரம் டிகிரிக்கு மேல் எரிகிற ஒன்றை நெருக்கத்தில் நிற்கும் குழந்தையின் தலைக்குமேல் பிடித்திருக்கிறோம் என்பது படத்தில் தெரியாது.

கடைசியாக, பாட்டை எடுத்துக்கொடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு. பெரும்பாலோர் உற்சாகத்தில் உச்சஸ்தாயியில் தொடங்கிவிடுவார்கள். இரண்டாவது வரியில் யாருக்கும் எட்டாது, பாட்டு செத்துவிடும். தாழ்வாகத் தொடங்குங்கள். ஆட்டம் சூடாக இருக்கும்போது வேண்டாம். பந்து வெளியே போய் த்ரோ-இன்னுக்குக் காத்திருக்கும் நேரம் சரியானது. பக்கத்து இரண்டு பேரிடம் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள், ஏனென்றால் முதல் வரியைத் தனியாகப் பாடி முடித்துவிட்டுச் சுற்றிப் பார்க்கிற அந்த இரண்டு நொடி இருக்கிறதே, அதைத் தாண்டுவதுதான் கஷ்டம்.