எபாக்சி எவ்வளவு வேகமாக இறுகுகிறது? வீட்டிலேயே அளக்கலாம்

தீபாவளிக்குக் கோலத் தட்டு வார்க்க முதன்முதலாக எபாக்சி வாங்கினேன். ரெசின் ஒரு புட்டி, அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஒரு புட்டி; இரண்டையும் கலந்தால் இறுகும். கலந்த பிறகு பயன்படுத்தக் கிடைக்கும் நேரம் "25 டிகிரியில் 40 நிமிடம்" என்று புட்டியில் போட்டிருந்தது. அதை நம்பி, ஏர்கான் இல்லாத கூடத்தில் கலக்க ஆரம்பித்தேன். அரை மணி நேரத்துக்குள் கப்பில் மிச்சமிருந்தது கையில் பிடிக்க முடியாதபடி சுட்டது. அப்புறம் புகைந்து, விரிசல் விட்டுக் கல்லாகிவிட்டது. நம் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடம் மதியத்தில் 31 டிகிரி. புட்டியின் கணக்கு நமக்குப் பொருந்தாது. நம் கணக்கை நாமே போட வேண்டும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: எபாக்சி காய்வதில்லை. பெயின்ட்டில் கரைப்பான் ஆவியாகிப் போகும். இதில் எதுவும் வெளியே போவதில்லை. ரெசின் மூலக்கூறின் முனையில் இரண்டு கார்பன், ஒரு ஆக்சிஜன் சேர்ந்த சின்ன வளையம் இருக்கிறது. ஹார்டனரில் உள்ள அமீன் என்ற நைட்ரஜன் சேர்மம் அதைத் திறந்து பிணைந்துகொள்கிறது. ஒவ்வொரு வளையம் திறக்கும்போதும் வெப்பம் வெளிப்படுகிறது. கூடவே பிறக்கும் ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணை), அடுத்த வளையம் திறக்கவும் துணை செய்கிறது. கப்பில் மொத்தமாகக் கிடந்தால் வெப்பம் வெளியேற வழியில்லை. சூடு வேகத்தைக் கூட்ட, வேகம் சூட்டைக் கூட்டும்.

படி 1. இரண்டு புட்டிகளையும் முந்தின இரவே சோதனை நடக்கும் அறையில் வையுங்கள். நைட்ரைல் கையுறை கட்டாயம். ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தால், அது ஆயுசுக்கும் போகாமல் இருக்கலாம்.

படி 2. சமையலறைத் தராசில் மொத்தம் 15 கிராம் போதும். கலவை விகிதம் எடைக்கா, கன அளவுக்கா என்று புட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். ரெசின் ஹார்டனரைவிடக் கனமானது, இரண்டும் ஒன்றல்ல.

படி 3. மூன்று நிமிடம் ஓரம், அடி எல்லாம் வழித்துக் கலக்கி, அலுமினியத் தட்டில் மெல்லிய படலமாக ஊற்றுங்கள். மெல்லியதாக இருந்தால்தான் அறை வெப்பநிலையிலேயே நிற்கும்.

படி 4. கலக்கத் தொடங்கிய நேரத்தைக் குறித்துவிட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பல்குத்தும் குச்சியால் தொட்டுத் தூக்குங்கள். முதலில் தேன்போல் வழியும். பிறகு நீளமான நூல் வரும். ஒரு கட்டத்தில் நூல் வராமல், படலமே ரப்பர்போல் குச்சியோடு எழும்பும். அதுதான் ஜெல் நிலை. இங்கே அவசரப்படாதீர்கள்; சோதனையின் உயிரே இந்த ஒரு கணம்தான்.

படி 5. இதையே 24 டிகிரி ஏர்கான் அறையிலும், 31 டிகிரி கூடத்திலும் செய்யுங்கள்.

இனி கணக்கு. உதாரணமாக 24 டிகிரியில் 60 நிமிடம், 31 டிகிரியில் 36 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 60/36இன் இயல் மடக்கை 0.511. டிகிரியோடு 273 கூட்டினால் கெல்வினில் 297, 304. அவற்றின் தலைகீழிகளின் வித்தியாசம் 0.0000775. வாயு மாறிலியான 8.314ஐ 0.511ஆல் பெருக்கி, 0.0000775ஆல் வகுத்தால் சுமார் 55,000 ஜூல். அதாவது மோலுக்கு 55 கிலோஜூல். இதுதான் கிளர்வு ஆற்றல், அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை; எபாக்சி-அமீன் வினைக்கு வழக்கமாகக் கிடைக்கும் 50 முதல் 60க்குள் அழகாக உட்காருகிறது. இதை வைத்துப் பார்த்தால், மழை பெய்து கூடம் 28 டிகிரிக்கு இறங்கிய நாளில் உங்களுக்குச் சுமார் 45 நிமிடம் கிடைக்கும்.

வெறும் குச்சியால் இது எப்படிச் சாத்தியம்? எந்த வெப்பநிலையிலும் ஏறக்குறைய ஒரே அளவு வினை நடந்தபோதுதான் ஜெல் வருகிறது. இரு முனை எபாக்சி, நான்கு ஹைட்ரஜன் உள்ள டைஅமீன் சரியாகக் கலந்தால், பாலிமர் வேதியியலாளர் ஃபுளோரியின் கோட்பாட்டின்படி அந்த அளவு சுமார் 58 சதவீதம்.

ஆய்வகத்தில், சூடேறும்போது வெளிப்படும் வெப்பத்தை அளக்கும் டிஎஸ்சி என்ற கருவியில் சில மில்லிகிராம் கலவையை நிமிடத்துக்கு 5, 10, 20 டிகிரி எனச் சூடேற்றுவார்கள். வேகம் கூடக் கூட வெப்ப உச்சம் மேலே நகரும். அந்த நகர்விலிருந்து கிளர்வு ஆற்றலைக் கணக்கிட, 1957இல் கிஸ்ஸிங்கர் தந்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ஜெல் ஆனதோடு வினை முடிவதில்லை. மூலக்கூறுகள் பிணைந்த வலை இறுக இறுக, அதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (கெட்டியானது இளக ஆரம்பிக்கும் வெப்பநிலை) ஏறி அறை வெப்பநிலையை எட்டும். பிறகு மூலக்கூறுகள் அசைய முடியாமல் வினை தவழ ஆரம்பிக்கும். அதனால் அறையிலேயே இறுகிய தட்டின் மேல் சூடான டீ டம்ளரை நேராக வைக்காதீர்கள். அந்த இடம் மட்டும் இளகி, வட்டமாகத் தடம் விழுந்துவிடும்.