ரெட் பாரன்: பழைய விமானச் சண்டை விளையாட்டை ஓட்டப் பழகுவது

முதலில் ஹெட்போனைப் போடுங்கள். எங்கள் கடை மாங்குளத்தில், வீடு கடைக்குப் பின்னால். முதல் நாள் நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். இயந்திரச் சத்தம் ஏறி இறங்கவும் குசினியில் நின்ற அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடிப்போய் வானத்தைப் பார்த்தார். போர்க்காலத்தில் கிபிர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டுப் பங்கருக்குள் இறங்கிய ஒருவருக்கு, இது வெறும் கொம்பியூட்டர் என்று சொல்லி ஆற்ற ஏலாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கலாம்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். 1990 இல் டைனமிக்ஸ் நிறுவனம் செய்தது. முதலாம் உலகப் போர்க்கால விமானங்கள்: மரச்சட்டம், அதன்மேல் துணி, இரண்டு மூன்று அடுக்குச் சிறகு. ராடரும் இல்லை, ஏவுகணையும் இல்லை. கண்ணையும் கையையும் நம்பித்தான் பறக்க வேண்டும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான். போன பள்ளி விடுமுறையில் அக்காவின் மகனுக்குப் பழக்கிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

இது டொஸ் என்ற பழைய இயங்குதளக் காலத்து விளையாட்டு. இன்றைய விண்டோஸில் நேரே ஓடாது. டொஸ்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றுங்கள். விளையாட்டுக் கோப்புறையின் பெயர் எட்டு எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். டொஸ்பொக்ஸுக்குள் மவுண்ட் (mount) கட்டளையால் அதை சி டிரைவாகக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

பலர் கைவிடுவது அடுத்த இடத்தில்தான்: வேகம். கண்ட்ரோலோடு எஃப்12 ஐ அழுத்தினால் டொஸ்பொக்ஸின் வேகம் கூடும், எஃப்11 ஐ அழுத்தினால் குறையும். சில லப்டொப்களில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். படம் வெட்டி வெட்டி ஓடினால் கூட்டுங்கள். சத்தம் விக்கத் தொடங்கினால் கூடிவிட்டது, இரண்டு படி இறக்குங்கள். இதற்குப் பத்து நிமிடம் போகும். அவசரப்படாதீர்கள்.

விளையாட்டுக்குள் எவ்வளவு நிஜமாக இருக்க வேண்டும் என்று தெரிவுசெய்யும் பக்கம் ஒன்று உண்டு. துப்பாக்கி இறுகிச் சுடாமல் நிற்பது, சூரியன் கண்ணை மறைப்பது, விமானங்கள் மோதுவது, குண்டு முடிவது எல்லாம் அங்கே இருக்கும். மருமகன் முதல் நாளே எல்லாவற்றையும் போடச் சொன்னான். நான் விடவில்லை. குண்டு முடிவதை மட்டும் போட்டேன். அது இல்லாவிட்டால் தூரத்தில் இருந்தே சுட்டுத்தள்ளும் பழக்கம் வந்துவிடும், பிறகு அதை மாற்றுவது கடினம். மோதலைக் கடைசியாகப் போடுங்கள், ஆனால் கட்டாயம் போடுங்கள். வான்சண்டைக்கு விதி எழுதிக்கொடுத்த ஜெர்மன் விமானி ஒஸ்வால்ட் பெல்கே, 1916 ஒக்டோபர் 28 இல் தன் அணி விமானம் ஒன்றோடு உரசித்தான் விழுந்து இறந்தார்.

முதல் விமானமாக எஸ்.இ.5ஏ ஐ எடுங்கள். சொப்வித் கெமலை முதல் வாரம் தொட வேண்டாம். கெமலில் காற்றாடியோடு இயந்திரமும் சேர்ந்து சுழலும். சுழல்கிற பம்பரத்தை விரலால் தட்டிப் பாருங்கள், தட்டிய திசையில் போகாமல் பக்கத்தால் விலகும். அந்த விசையால் கெமல் வலப்பக்கம் சட்டென்று திரும்பும், மூக்கும் கீழே இழுபடும். அந்தக் காலத்தில் பழகுநர் பலரைக் கொன்ற விமானம் அது.

ஏறியதும் யாரையும் துரத்தாதீர்கள். உயரம் என்பது குளத்தில் தேக்கி வைத்த தண்ணீர் மாதிரி. இரணைமடுக் குளம் நிறைந்திருந்தால் வாய்க்காலில் தண்ணீர் பாயும். உயரம் இருந்தால் மூக்கைத் தாழ்த்தி வேகமாக்கிக்கொள்ளலாம். மூக்கைத் தூக்கிக்கொண்டே போனால் வேகம் செத்து விமானம் தொப்பென்று விழும். அப்போது கை தானாகவே மேலே இழுக்கப் பார்க்கும். இழுக்காதீர்கள். மூக்கைக் கீழே விடுங்கள், வேகம் வந்ததும் மெல்ல எடுங்கள். அம்புக்குறி விசைகளில் பறப்பவர்கள் தட்டித் தட்டி விட வேண்டும். அழுத்திப் பிடித்தால் கவிழும்.

சண்டைக்கு பெல்கேயின் விதிகளே போதும்: சூரியன் உங்கள் முதுகில் இருக்கட்டும், பின்னால் இருந்து வாருங்கள், கிட்டப் போய் மட்டும் சுடுங்கள். எதிராளியின் விமானம் திரையை நிறைக்கும்வரை சுடும் விசையில் விரல் வைக்க வேண்டாம் என்றுதான் மருமகனுக்குச் சொன்னேன்.

இன்னொன்று, தாழப் போகிறவனை நெடுக விரட்ட வேண்டாம். விளையாட்டின் பெயருக்கு உரியவரான ஜெர்மன் விமானி மன்பிரட் வொன் ரிச்தோபன் 80 விமானங்களை வீழ்த்தியவர். 1918 ஏப்ரல் 21 இல் ஒரு கெமலைத் துரத்தித் துரத்தி, தாழப் பறந்து எதிரிப் பக்கத்துக்குள் போனார். அங்கேயே சுடப்பட்டு இறந்தார்.

ஒவ்வொரு பறப்பும் முடிந்த பிறகு பதிவை ஓட்டிப் பாருங்கள். வீடியோ மாதிரி நிறுத்தி, முன்னும் பின்னும் ஓட்டி, வெளியில் இருந்தும் பார்க்கலாம். விரும்பிய இடத்தில் நிறுத்தி அங்கிருந்தே திரும்பப் பறக்கவும் முடியும். 1990 இல் இதை யோசித்துச் செய்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வரும். மருமகன் விழுந்த ஒரு பறப்பை அப்படிப் பத்துத் தரம் பார்த்தோம். எட்டாவது தரம்தான் அவன் கண்டுபிடித்தான்: "மாமா, நான் சுடத் தொடங்கேக்கையே எனக்குப் பின்னால ஒருத்தன் வந்திட்டான்."