பேஸ் மரிம்பா பலகைக்கு மேற்சுரம் சேர்ப்பது எப்படி?

மரிம்பா என்பது மரப்பலகைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் கருவி; பேஸ் மரிம்பா அதில் தாழ்ந்த சுரங்களுக்கானது. பலகைகளை அறுத்து, நன்றாகக் காயவைத்து, இழைத்து வைத்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். என்னுடையவை படாக் மரம். உதாரணத்துக்கு இங்கே சி2 (65.4 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் தாழ்ந்த சி சுரம்) பலகை: 62 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம்.

65 ஹெர்ட்ஸ் பக்கம் நம் காது மந்தம். தட்டியதும் காது பிடித்துக்கொள்வது அடிச்சுரத்தைவிட அதன் மேலே கூடவே ஒலிக்கும் மேற்சுரத்தைத்தான். அது பிசகினால், ட்யூனர் (சுருதி காட்டும் கருவி) சரி என்றாலும் பலகை அபசுரமாகவே கேட்கும்.

குடையாத பலகையில் முதல் மூன்று அதிர்வுகளின் விகிதம் 1 : 2.76 : 5.40. மரிம்பாவில் அது 1 : 4 : 10 ஆக வேண்டும். அதாவது இரண்டாவது, இரண்டு ஸ்தாயி மேலே அதே ஸட்ஜம். மூன்றாவது, மூன்று ஸ்தாயி மேலே அந்தர காந்தாரம். தம்புராவை மீட்டினால் தானாக எழும் அதே காந்தாரம்தான். சி2-க்கு 65.4, 261.6, 654 ஹெர்ட்ஸ்.

முதலில் கேட்கப் பழகுங்கள். இரு முனைகளிலிருந்தும் 14 செ.மீ. தள்ளி, அடிச்சுரத்தில் பலகை அசையாத இடத்தில், ஸ்பாஞ்சு வைத்து, அதன்மேல் பலகையைப் படுக்க வையுங்கள். நடுவில் மெத்தென்ற கோலால் தட்டினால் அடிச்சுரம். நடுவை விரலால் அழுத்திக்கொண்டு முனையருகே தட்டினால் இரண்டாவது மட்டும் தனியாக வரும். கெட்டியான கோலால் நடுவில் தட்டினால் மூன்றாவது பளிச்சென்று கேட்கும்.

அடுத்து, அடிப்பக்கத்தைக் குடைவது. நடுவில் எடுத்தால் அடிச்சுரம்தான் அதிகம் இறங்கும். முனையிலிருந்து 18 செ.மீ. பக்கம் எடுத்தால் இரண்டாவது இறங்கும். 13 செ.மீ. பக்கம் எடுத்தால் மூன்றாவது. இரண்டு பக்கமும் சமமாக எடுங்கள்.

இனி நான் சறுக்கிய இடம். என் டி2 பலகையில் அடிச்சுரத்தை முதலில் 73.4-க்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். இரண்டாவது மட்டும் கொஞ்சம் உயரத்தில் நின்றது. அதை இறக்க 18 செ.மீ. பக்கம் சுரண்டினேன். முனைகளைத் தவிர எங்கே சுரண்டினாலும் அடிச்சுரமும் கூடவே இறங்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது அதன் நான்கு மடங்கில் வந்து சேர்வதற்குள் அடிச்சுரம் 69-க்கு வந்துவிட்டது. அந்தப் பலகை இன்று சி ஷார்ப்பாக இருக்கிறது.

ஆகவே அடிச்சுரத்தை இலக்குக்கு இரண்டு மூன்று சுரம் மேலேயே நிறுத்துங்கள். அங்கேயே விகிதத்தை 4-க்கும் 10-க்கும் பக்கத்தில் கொண்டுவாருங்கள். அப்புறம் மூன்றையும் சேர்த்தே, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஒவ்வொரு முறை சுரண்டியதும் மூன்று எண்களையும் நோட்டில் எழுதுங்கள். கை மீறிவிட்டால் முனைகளின் அடியில் சீவி ஏற்றலாம், ஆனால் அது சிறிதளவுதான் கைகொடுக்கும்.

கருவியைப் பொறுத்தவரை, முதல் குடைவுக்கு மட்டும்தான் ஆங்கிள் கிரைண்டர். கடைசி ஒரு சுரத்துக்கு அரமும் உப்புத்தாளும் போதும், அவைதான் நல்லது. தேய்த்த சூட்டில் பலகை சற்றுத் தாழ்ந்து ஒலிக்கும். அப்போதே அளந்தால் ஏமாந்துபோவீர்கள். கையில் வெதுவெதுப்புத் தெரியாத வரை ஆறவிட்டு அளங்கள்.

பலகையைக் கோத்துத் தொங்கவிடும் கயிற்றுக்கான துளையைக் கடைசியில் போடுங்கள். குடைந்த பிறகு அசையாத இடம் சற்று நகர்ந்திருக்கும். பலகைமேல் உப்பைத் தூவி நடுவில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தால், உப்பு ஊர்ந்துபோய் இரண்டு கோடுகளாகக் குவியும். அந்தக் கோட்டில் துளையிடுங்கள்.

பின்சேர்க்கை: "போன் ட்யூனர் சி4 என்றே காட்டுகிறது, பலகை கெட்டுவிட்டதா?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கெடவில்லை. போன் மைக் 65 ஹெர்ட்ஸைச் சரியாக வாங்காததால், ட்யூனர் இரண்டாவதைப் பிடித்துக்கொள்கிறது. ட்யூனர் செயலியை விட்டுவிட்டு, ஒலிப்பதிவை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் போட்டு ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக ஒலிக்கிறது என்ற வரைபடம்) பாருங்கள். மூன்று முகடுகளும் எண்ணோடு தெரியும். அடிச்சுர முகடு குட்டையாக இருந்தால், மைக்கைப் பலகையின் நடுவுக்கு நேர் கீழே, ஒரு விரற்கடை தள்ளி வைத்துப் பதியுங்கள்.