மூன்று நாளில் இறங்கிய பேட்டரி

கோத்தகிரியில் ஜனவரி குளிர். பதினைந்து வருஷப் பழைய டூரிங் பைக்கை மூன்று நாள் நிறுத்திவைத்தால் செல்ஃப் 'டக்'கென்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். குளிரில் பேட்டரி தளரும் என்று புதுசு மாற்றினேன். அதுவும் இறங்கியது.

மெக்கானிக் தம்பி, "அண்ணா, முதல்ல கரண்ட் எங்க கசியுதுன்னு பாருங்க" என்றான். சாவியை ஆஃப் செய்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்தேன். (இந்த நிலையில் செல்ஃப் பட்டனைத் தொடவே கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும்.) 90 மில்லிஆம்பியர்! ஒரு நாளைக்கு 2 ஆம்பியர்-ஹவருக்கு மேல். என் பேட்டரியே 12தான்.

பெட்டியிலிருந்த ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினேன். ரீடிங் அசையவில்லை. மெயின் ஃபியூஸை எடுத்ததும் பூஜ்யம். அப்படியென்றால் கசிவு மெயின் ஃபியூஸுக்கும் பெட்டி ஃபியூஸ்களுக்கும் நடுவே. அங்கே இருப்பது ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர், எஞ்சின் உண்டாக்கும் ஏசி கரண்டை டிசியாக்கி, அளவோடு பேட்டரிக்கு ஏற்றும் யூனிட். மெயின் ஃபியூஸைத் திரும்பப் போட்டு, அதன் கப்ளரை (வயர்கள் சேரும் பிளக்கை) பிடுங்கினேன். 1 மில்லிஆம்பியருக்கு இறங்கியது. டயோடு கரண்டை ஒரே திசையில்தான் விட வேண்டும்; மீட்டரின் டயோடு டெஸ்டில், யூனிட்டின் ஒரு மஞ்சள் வயர் இரண்டு திசையிலும் கடத்தியது. உள்ளே டயோடு போயிருந்தது. சார்ஜ் மட்டும் ஓரளவு ஏறிக்கொண்டே இருந்ததால்தான் அதுவரை சந்தேகமே வரவில்லை.

புது யூனிட் போட்டு, கப்ளரைச் சுத்தம் செய்தேன். எஞ்சின் வேகத்தை ஏற்றிப் பிடித்தால் பேட்டரியில் 14.2 வோல்ட், சரியான சார்ஜ். பத்து நாள் கழித்து, பனி பெய்த காலையில், பைக் ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆனது; குன்னூருக்குக் கிளம்பினேன்.